தூளியில் வந்த பச்சை

பாண்டிச்சேரிக்குப் போய்ச் சாராயப் புட்டி கொண்டுவரும் தொழிலுக்குத் தைரியம் வேண்டும் என்று ஆம்பிளைகள் சொல்லிக்கொள்வார்கள். அதெல்லாம் பொய், அதற்கு வேண்டியது ஒரு கைக்குழந்தையும் அதைப் பெற்றவளும்தான்.

நான் அந்தத் தொழிலில் நாலு மாதம் இருந்தேன். நீங்களும் என்னைப்போல மாமியார் வீட்டில் குரல் எழும்பாத மருமகளாக இருந்தால், மாட்டேன் என்று ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்க மாட்டீர்கள். கேட்கத் தோன்றுகிறவர்கள் பக்கத்தைத் திருப்பிச் சமையல் குறிப்புக்குப் போய்விடலாம். எனக்குக் கோபம் இல்லை.

என் வீட்டுக்காரர் ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போய்க்கொண்டிருந்தவர். பஞ்சுப் பொதி சரிந்து கால் நசுங்கி, கட்டுப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். அன்று முதல் எங்கள் அடுப்பில் வெந்தது அவருடைய அண்ணன் தணிகாசலம் மாமா அனுப்பிய அரிசி. மாகாணம் பூராவும் மதுவிலக்கு. பாண்டிச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரன் கையில் இருந்ததால் அங்கே கடையைத் திறந்து வைத்து விற்றார்கள். மாமா ரயிலில் போய் வாங்கிவந்து ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் வேண்டியவர்களுக்குக் கொடுப்பார். எல்லையில் சோதனை கடுமையானதும் அவருக்கு ஒரு கைக்குழந்தை தேவைப்பட்டது. என் மகள் வசந்தாவுக்கு அப்போது நாலு மாதம்.

அண்ணியையே கூட்டிப்போகக் கூடாதா என்று என் வீட்டுக்காரர் படுத்தபடியே கேட்டார். அதற்கு மாமா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "அவளுக்கு வாய் பெருசு நைனா. டேசன் மாஸ்டரையே நிக்க வச்சு நாலு கேள்வி கேப்பா. உம் பொண்டாட்டிக்கு வாய்னு ஒண்ணு கீதுன்னே தெருவுல யாருக்கும் தெரியாது."

கொலுசு

ரயில் பெட்டியில் சாமான் வைக்கிற பலகையின் கம்பியில் பழைய புடவையைக் கட்டித் தூளி போடுவது நம் ஜனங்கள் எல்லாரும் செய்கிறதுதான். எங்கள் தூளியில் அடியில் நாலு புட்டி, மேலே மடித்த போர்வை, அதற்கும் மேலே வசந்தா. மாமா இரண்டு சட்டம் போட்டிருந்தார். புட்டியைச் சுற்றுகிற துணி பிள்ளையின் மூத்திரத் துணியாகவே இருக்க வேண்டும், துவைத்தது கூடாது. சோதனைக்காரர் நாற்றத்துக்கே நகர்ந்துவிடுவாராம். இரண்டாவது, சோதனை நடக்கும்போது பிள்ளை எப்படி அழுதாலும் தூளியை விட்டுத் தூக்கக் கூடாது. பிள்ளையை எடுத்தால் தூளி லேசாகி மேலே எழும்ப வேண்டும். எங்கள் தூளி எழும்பாது.

முதல் தடவை வரும்போது எதிரே காசிமேட்டு மீன்கார அம்மா ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். நான் வியர்த்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "நீ கண்ண மூடு, நா ஆட்டறேன்" என்று தூளியில் கை வைத்துவிட்டார். சுற்றின துணி எங்கேயோ நழுவியிருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உள்ளேயிருந்து கிணுங் கிணுங் என்று சத்தம். மாமா ஜன்னலுக்கு வெளியே பனைமரத்தை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஆட்டுவதை நிறுத்தினார். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த வசந்தாவின் இரண்டு காலையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒருவரிடமும் காட்டிக் கொடுக்கவில்லை, அவர் நல்லா இருக்க வேண்டும். இறங்கும்போது மட்டும் என் காதண்டை குனிந்து சொன்னார்: "உம் பொண்ணுக்குக் கொலுசு சத்தம் ஜோரா கீதும்மா. கால்லதான் காணோம்."

கடை வாசல்

ஊர் பார்க்கலாம், கடற்கரை பார்க்கலாம் என்று சொல்லித்தான் மாமா என்னைக் கூட்டிப்போனார். நான் பார்த்தது ஒரு கடை வாசல். பொம்பிளை உள்ளே வரக்கூடாதாம். அவர் விலை பேசி, ருசி பார்த்து, மறுபடியும் ருசி பார்த்து முடிக்கும்வரை நான் பிள்ளையோடு வெயிலில் நிற்பேன். வெயிலில் பிள்ளையின் உச்சந்தலை கொதிக்கும். முந்தானையால் மூடுவேன். ஒரு முக்காலி போட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மாமா வாங்கினது பெரும்பாலும் ஒரே சரக்கு. வேப்பிலைச் சாறு மாதிரி பச்சையாக இருக்கும். கடைக்காரர் அதற்கு அப்சாந்த் என்று பேர் சொன்னார். புட்டிக்குள் இருந்தது நிஜமாக அதுதானா என்று அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் பச்சை என்றே சொல்வார்கள். வாசலில் நின்றபடி ஒரு வேடிக்கை பார்த்தேன். கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பச்சை ஊற்றி, மேலே ஓட்டைக் கரண்டியில் சர்க்கரைக் கட்டி வைத்து, அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். பச்சை மெல்ல மெல்லக் கலங்கி அப்படியே பால் நிறமாகிவிட்டது. தெருவரைக்கும் சோம்பு வாசனை வந்தது. மாமா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். இது உடம்புக்கு ஆகுமா என்று அவருக்கே ஒரு சந்தேகம் வந்து கேட்டார். கடைக்காரர் புட்டிக்குக் காகிதம் சுற்றிக்கொண்டே சொன்னார்: "பிரெஞ்சுக்காரங்க சொந்த நாட்டுல இதை விக்கக் கூடாதுன்னு சட்டமே போட்டுட்டாங்க, அந்த ஜனங்களுக்குக் கெடுதலாம். நம்ம ஜனங்களுக்கு ஒண்ணும் ஆகாது, தைரியமா எடுத்துட்டுப் போங்க."

ஊது

எங்கள் பக்கம் பச்சைக்கு ஏன் அவ்வளவு கிராக்கி என்று சொல்ல வேண்டும். அந்த நாளில் போலீஸ்காரர் சந்தேகப்பட்டால் தெருவிலேயே நிறுத்தி, "ஊது" என்பார். வாயை மோந்து பார்ப்பார். பிராந்தி குடித்தவன் மாட்டிக்கொள்வான். பச்சை குடித்தவன் ஊதினால் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுச் சோம்பு மென்றவன் போல மணக்கும்.

துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டுகிற சூசை என்று ஒருத்தர். மாமாவின் தோஸ்து. சூசையின் பெண்சாதி எஸ்தர் என்னோடு நாலாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் படித்தவள். ஒருநாள் சூசை எங்கள் வீட்டுக்கு வந்து, போலீஸ்காரர் தன்னை ஊதச் சொன்னதையும், மோந்துவிட்டு எந்த வீட்டுக் கல்யாணம் என்று விசாரித்ததையும் நடித்துக் காட்டினார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். படுத்திருந்த என் வீட்டுக்காரரும் சிரித்தார். காபி கொடுக்கப் போன நானும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சிரித்துவிட்டேன்.

மறுநாள் தண்ணீர்க் குழாயில் எஸ்தரைப் பார்த்தேன். குடத்தை இடது பக்க இடுப்பில் வைத்திருந்தாள். அவள் வலது பக்கம்தான் வைப்பாள். கேட்காமலே இருந்திருக்கலாம், கேட்டேன். சூசை குடித்தது என் தூளியில் வந்த புட்டிதான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் சண்டை போடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. குடத்தை இறக்காமலே சொன்னாள்: "வாய மோந்து பாத்தா இன்னா தெரியும்? எங்கூட்டுக்கு வந்து என் முதுக பாக்கச் சொல்லு அந்தப் போலீஸ்காரர."

பிரசவ மருந்து

பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் தாங்க ஒரு மூடி பிராந்தி கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. மதுவிலக்கு வந்தபிறகு அதற்கும் தட்டுப்பாடு. நெட்டுக்குப்பத்தில் ஒரு படகுக்காரர் பெண்சாதிக்குத் தலைப்பிரசவம் ஆகியிருந்தது. கூடையில் பச்சையை வைத்து, மேலே முருங்கைக்கீரை பரப்பி, மாமா என்னிடம் கொடுத்தனுப்பினார். இது அந்த மருந்து இல்லை, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளுக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டே போனேன். அந்த மனுஷர் எதிரில் வந்து நின்றதும் பாடம் பண்ணினது ஒன்றும் உதவவில்லை. கீரையை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். அவர் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பச்சையாக இருக்கிறது, சோம்பு வாசனை அடிக்கிறது, மருந்து இல்லாமல் வேறென்ன என்று தானே சொல்லிக்கொண்டார்.

பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி போனபோது அந்தப் பெண் வாசலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நன்றாகவே இருந்தாள். தயங்கித் தயங்கி மருந்தைப் பற்றிக் கேட்டேன். அவள் வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நா அத்த கண்ணால கூடப் பாக்கலக்கா. பெத்தவ நானு, குளிரு அவருக்கு."

பால் புட்டி

எனக்கு நடுவில் ஜுரம் வந்து பால் குறைந்துபோனது. ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லி ஒரு கண்ணாடிப் பால் புட்டியும் ரப்பரும் வாங்கினேன். ஜுரம் போய்ப் பால் ஓரளவு திரும்பியும், ரயில் பயணத்துக்கு உதவுமே என்று அதை வைத்திருந்தேன். எனக்கு நாலு பேர் நடுவில் பிள்ளைக்குக் கொடுக்க வராது. மாமியார் எதிரில்கூடச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் கொடுப்பேன்.

ஒரு தடவை திரும்பி வரும்போது வசந்தா சிணுங்கினாள். புட்டியில் பாதிக்குப் பால் இருந்தது. காலையில் நான் ஊற்றினது தீர்ந்துபோயிற்றே, மாமா எங்கேயோ வாங்கி ஊற்றியிருக்கிறாரே என்று மனசுக்குள் அவரை வாழ்த்தினேன். சூடு பார்ப்பதற்கு நாக்கில் ஒரு சொட்டு விட்டேன். எரிந்தது. பிறகு எட்டிக்காய் மாதிரி ஒரு கசப்பு. முந்தானையால் நாக்கைத் துடைத்தேன், போகவில்லை. மாமா சாவகாசமாகக் கை நீட்டிப் புட்டியை வாங்கிக்கொண்டார். பச்சையில் தண்ணீர் கலந்தால் பால்தானே, பிள்ளை புட்டியில் இருந்தால் எவன் சந்தேகப்படுவான் என்று என்னிடமே பெருமை சொன்னார். ரப்பரைக் கழற்றிவிட்டு என் பிள்ளை வாய் வைக்கிற புட்டியில் குடித்துக்கொண்டே ராயபுரம் வந்து சேர்ந்தார்.

வீட்டில் அந்தப் புட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், வெந்நீரில் போட்டேன், வெயிலில் வைத்தேன். வசந்தா ரப்பரை மோந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏழு மாதக் குழந்தைக்குத் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக என் வீட்டுக்காரரிடம் ஒரு புகார் சொன்னேன். இனிமேல் போகவில்லை என்றும் சொல்லப் பார்த்தேன். அவர் கால் கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கழுவிட்டே இல்ல? அண்ணன் சோறு போடுது. புட்டிக்கோசரம் பேஜாரு பண்ணாத."

எழும்பாத தூளி

அதற்கு அடுத்த தடவைதான் கடைசி. வண்டி எல்லை ஸ்டேஷனில் வந்து நின்றபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பெட்டிக்குள் எட்டு ஒன்பது ஆம்பிளைகள். மாமா பாதி குடித்த பால் புட்டியைப் பலகையில் தன் பக்கத்திலேயே வைத்திருந்தார். தூளியில் நாலுக்குப் பதிலாக ஆறு புட்டி. பண்டிகை வருகிறது என்று அதிகமாக வாங்கியிருந்தார். போர்வை போதவில்லை. வசந்தாவுக்கு முதுகில் உறுத்தியிருக்கிறது. விழித்துக்கொண்டு வீல் என்று கத்த ஆரம்பித்தாள்.

சோதனைக்கு வந்தவர் புதியவர். வயசானவர், கண்ணாடி போட்டவர், காதோரம் நரைத்திருந்தது. மற்றவர்களைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு நகரவில்லை. நின்று தூளிக்குள் எட்டிப் பார்த்து நாக்கைத் தட்டி விளையாட்டுக் காட்டினார். பேரப்பிள்ளை இருக்கும் போலிருக்கிறது. வசந்தா நிறுத்தவில்லை. அவர் பலகையில் இருந்த புட்டியைப் பார்த்துவிட்டு, பசிதான், பால்தான் இருக்கிறதே, கொடும்மா என்றார். சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. நல்ல மனசோடுதான் சொன்னார்.

மாமா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ரப்பரை எடுத்து மாட்டினார். புட்டியை என் கையில் வைத்து அழுத்தினார். அவர் தன் பிள்ளைகளை மிளகாய் சுற்றித் திருஷ்டி கழிக்காமல் தெருவுக்கு அனுப்பாதவர். அந்த மனுஷர் என் காதில் சொன்னார்: "ஒரு வாய் வையி. ஒரு வாய்ல இன்னா ஆயிடும்? அவரு போயிடுவாரு."

என் கையில் புட்டி. தூளியில் படுத்தபடியே ரப்பரை வாயில் வைத்தால் எல்லாரும் வீடு போய்ச் சேரலாம். பிள்ளையைத் தூக்கினால் தூளி காட்டிக் கொடுத்துவிடும். வசந்தா புட்டியைப் பார்த்துவிட்டுக் கையைக் காலை உதைத்தாள். பசி அவளுக்கு. வாயைத் திறந்துவிட்டாள். பயந்துபோயிருக்கிறேன் என்று மாமா நினைத்திருப்பார். பயம் இல்லை. அவ்வளவு கோபம் எனக்குள் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

புட்டியைப் பலகையில் வைத்தேன். வசந்தாவைத் தூக்கினேன். அத்தனை ஆம்பிளைகள் நடுவில், சுவரும் இல்லை மறைப்பும் இல்லை, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மடியில் போட்டுப் பால் கொடுத்தேன். பெட்டியில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் யாரையும் பார்த்துத் தலை குனியவில்லை. சோதனைக்காரரைப் பார்த்துச் சொன்னேன்: "அது பால் இல்லைங்க."

வசந்தா குடித்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்க்கவில்லை, தூளியைப் பார்த்தார். பிள்ளை இல்லாத தூளி, பிள்ளை இருந்த மாதிரியே தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கிணுங் என்றது. பிறகு பால் புட்டியை எடுத்து மோந்தார். அதற்குள் மாமா எழுந்து நின்று, இந்த அம்மாளை முன்னே பின்னே தெரியாது சார், பக்கத்தில் இடம் இருந்தது, குந்திகினு வந்தேன் என்று சத்தியம் செய்தார். என் புருஷனோடு ஒரே வயிற்றில் பிறந்தவர். சோதனைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "முன்னே பின்னே தெரியாத குழந்தைக்கு ரப்பரை மாட்டிக் கொடுத்தது யாருப்பா?"

வாய்

ஸ்டேஷன் அறையில் எங்களை உட்காரவைத்து வாக்குமூலம் எழுதச் சொன்னார்கள். குமாஸ்தா என்னைப் பார்த்ததும் கைநாட்டுக்கு மை டப்பியைத் தள்ளினார். நான் அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டேன். நாலாம் வகுப்புத் தமிழ்தான். மெதுவாக ஒரு பக்கம் பூராவும் எழுதினேன், மூத்திரத் துணி வரைக்கும் விடாமல். பிள்ளையைப் பார்த்து என்னை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். மாமாவை அனுப்பவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததை நடந்தபடி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஒரு வாய்தானே கேட்டாரு" என்றார். மறுநாள் மத்தியானம் அவர் தட்டில் ஒரு வாய்ச் சோறு வைத்துவிட்டுப் பானையை மூடினேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குப்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கால் கட்டு அவிழ்த்ததும் நொண்டிக்கொண்டே ஒரு கிடங்குக்குக் காவலுக்குப் போக ஆரம்பித்தார். நான் தண்டையார்பேட்டை மண்டியில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளப் போனேன். இப்போதும் அதுதான். கண் எரியும். ஆனால் அங்கே நான் கட்டிய தூளியில் வசந்தா மட்டும்தான் இருந்தாள்.

நான் பயந்தது தணிகாசலம் மாமாவின் பெண்சாதியான அக்காவுக்குத்தான். அக்கா வந்து தெருவைக் கூட்டப் போகிறாள் என்று மாமியார் அன்றைக்கே கதவைச் சாத்தி வைத்திருந்தார். மூன்றாம் நாள் அக்கா வந்தாள். கதவைத் தட்டினாள், நான்தான் திறந்தேன். அண்டை வீட்டுக்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்துவிட்டார்கள். அக்கா நேரே என்னிடம் வந்து, வசந்தாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தெரு பூராவும் கேட்கச் சொன்னாள்: "வாய் பெருசுன்னு என்ன வுட்டுட்டு, வாயில்லாதவன்னு உன்ன இட்டுகினு போனான் இல்ல? நல்லா வேணும் அவனுக்கு. நா போயிருந்தா கூட இம்மாம் பெரிய வாய் தொறந்திருக்க மாட்டேன்டி."

நாலு மாதத் தொழிலில் நான் வாய் திறந்து உருப்படியாகச் சொன்னது மூன்றே வார்த்தை, அதற்கே ஒரு வியாபாரம் படுத்துப்போனது. முதல் நாளே மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எஸ்தர் வலது பக்கமே குடம் சுமந்திருப்பாள்.